நிலைபேறான அபிவிருத்திக்கான கல்வியில் பல்கலைக்கழகங்களின் பங்கு



"நிலைபேறான அபிவிருத்தியை அடைவதில் பல்கலைக்கழகங்களின் பங்கினை விளக்குக" என்ற வகையான வினாவுக்குப் பரீட்சார்த்திகள் பலர் எழுதும் விடை ஏறத்தாழ ஒரே மாதிரியாகவே இருக்கும். பல்கலைக்கழகங்கள் அறிவை வளர்க்கின்றன, மக்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்துகின்றன, ஆய்வுகளை மேற்கொள்கின்றன என்று மூன்று வசனங்கள் வரும். இவ்வசனங்களில் பிழை இல்லை. ஆனால் "பல்கலைக்கழகம்" என்ற சொல்லை நீக்கிவிட்டு அவ்விடத்தில் பத்திரிகை, வானொலி, சனசமூக நிலையம் என எதை இட்டாலும் அவை பெரும்பாலும் பொருந்திவிடும். எதற்கும் பொருந்தும் விடைக்கு அதிக புள்ளி கிடைப்பதில்லை. பல்கலைக்கழகத்தால் மட்டும் செய்யக்கூடியது எது, அது எங்கே செய்யப்பட்டது, அதனால் என்ன மாறியது என்று எழுதினாலே விடைக்கு உயிர் வரும். அதற்கு வேண்டிய விடயங்களை இப்பாடத்தில் பார்ப்போம். உதாரணங்கள் அனைத்தும் எமது நாட்டிலிருந்தே எடுக்கப்பட்டுள்ளன.

எண்ணக்கரு

நிலைபேறான அபிவிருத்தி என்பதைச் சில நூல்களில் பேண்தகு அபிவிருத்தி என்றும் காண்பீர்கள். இரண்டும் ஒன்றே. இன்று வாழ்வோர் தமது தேவைகளை நிறைவு செய்துகொள்ளும்போது, இனி வரப்போகும் சந்ததியினர் தமது தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலைக் கெடுத்துவிடாத அபிவிருத்தியே இதுவாகும். இவ்விளக்கத்தை உலகறியச் செய்தது 1987 ஆம் ஆண்டு வெளியான சூழல் மற்றும் அபிவிருத்திக்கான உலக ஆணைக்குழுவின் அறிக்கையாகும். நோர்வேயின் பிரதமராக இருந்த குரோ ஹார்லெம் புருண்ட்லண்ட் அம்மையார் தலைமை வகித்தமையால் இது புருண்ட்லண்ட் அறிக்கை எனவும் அழைக்கப்படுகின்றது.

வரைவிலக்கணத்தை மனனம் செய்வது எளிது. விளங்கிக்கொள்வதற்கு ஒரு கிணற்றை நினைத்துப் பாருங்கள். மாரி மழையால் ஊறும் அளவுக்கு மட்டும் இறைத்தால் அக்கிணறு உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் தண்ணீர் தரும். ஊறுவதை விட அதிகமாக இறைத்தால் இந்த வருடம் தோட்டம் செழிக்கும், வருமானம் கூடும், புள்ளிவிபரங்களில் அது "வளர்ச்சி" என்றே பதிவாகும். ஆனால் அந்த வளர்ச்சி பேரப்பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுக்கப்பட்டதாகும். சூழல், சமூகம், பொருளாதாரம் ஆகிய மூன்று அம்சங்களையும் சேர்த்து நோக்க வேண்டும் என்று கூறப்படுவது இதனாலேயே. தோட்டக்காரரைப் பார்த்து "இறைக்காதே" என்று மட்டும் சொல்வதும் நிலைபேறான அபிவிருத்தி ஆகாது. அவருடைய குடும்பமும் வாழ வேண்டும்.

அடுத்து, நிலைபேறான அபிவிருத்தியைப் பற்றிய கல்வி வேறு, நிலைபேறான அபிவிருத்திக்கான கல்வி வேறு என்பதைக் கவனியுங்கள். முன்னையது தகவல். காடழிப்பின் விளைவுகள் ஐந்தினை எழுதத் தெரிந்திருப்பது அதற்குள் அடங்கும். பின்னையது ஒரு பிரச்சினையைப் பல பக்கமிருந்தும் பார்க்கவும், ஆதாரம் கேட்கவும், மற்றவர்களுடன் சேர்ந்து தீர்மானம் எடுக்கவும், எடுத்த தீர்மானத்தின்படி நடக்கவும் ஒருவரைத் தகுதியாக்குவது. ஐந்து விளைவுகளையும் பிழையின்றி எழுதிவிட்டு வீட்டுக்குச் சென்று பொலித்தீனை எரிப்பவருக்கு முதலாவது கிடைத்திருக்கிறது, இரண்டாவது கிடைக்கவில்லை.

சர்வதேச ரீதியான நடவடிக்கைகள்

இப்பகுதியில் ஆண்டுகளைச் சரியாக நினைவில் வைத்திருந்தால் போதும். 1972 இல் சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரில் மனித சூழல் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு நடைபெற்றது. 1992 இல் பிரேசிலின் றியோ டி ஜெனீரோ நகரில் நடைபெற்ற புவி உச்சிமாநாட்டில் நிகழ்ச்சிநிரல் 21 ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் 36 ஆவது அத்தியாயம் கல்வி, பொதுமக்கள் விழிப்புணர்வு, பயிற்சி ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டது. 2002 இல் தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பேர்க் உச்சிமாநாட்டைத் தொடர்ந்து, 2005 முதல் 2014 வரையான பத்தாண்டினை நிலைபேறான அபிவிருத்திக்கான கல்விப் பத்தாண்டாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பிரகடனம் செய்தது. இதனை முன்னெடுக்கும் பொறுப்பு யுனெஸ்கோவுக்கு வழங்கப்பட்டது. 2015 இல் 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. 4 ஆவது இலக்கு தரமான கல்வி பற்றியது. அதிலுள்ள 4.7 என்ற உபஇலக்கு, 2030 இற்குள் கற்போர் அனைவரும் நிலைபேறான அபிவிருத்திக்கு வேண்டிய அறிவையும் திறனையும் பெற வேண்டும் என்கிறது. எமது நாட்டில் 2017 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க நிலைபேறான அபிவிருத்திச் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை முக்கியமான ஆண்டு 1990 ஆகும். பிரான்சின் தலோர் என்னும் சிற்றூரில் பல நாடுகளின் பல்கலைக்கழகத் தலைவர்கள் 22 பேர் கூடிப் பத்து அம்சங்கள் கொண்ட ஒரு பிரகடனத்தை வெளியிட்டனர். தலோர் பிரகடனம் என்ற இப்பெயரைப் பல மாணவர்கள் விட்டுவிடுகின்றனர். அரசாங்கங்கள் கேட்காமலேயே, உயர்கல்வி நிறுவனங்களின் தலைவர்கள் தாமாக முன்வந்து சூழல் தொடர்பான பொறுப்பை ஏற்றமை இதன் சிறப்பாகும். பின்னர் உலகெங்கும் பல நூறு பல்கலைக்கழகங்கள் இதில் கைச்சாத்திட்டன. கைச்சாத்திட்ட எல்லாப் பல்கலைக்கழகங்களும் சொன்னதைச் செய்தன என்று இதற்குப் பொருளல்ல.

பல்கலைக்கழகம் செய்யும் பணி

கற்பித்தல், ஆய்வு, சமூகத்துக்கான சேவை என மூன்றாகப் பிரித்து எழுதுவது வழக்கம். நாலாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அது பல்கலைக்கழக வளாகமே ஒரு பாடமாக இருப்பது. ஆனால் இந்த நான்கும் தனித்தனிப் பெட்டிகள் அல்ல. ஆய்வு இல்லாவிட்டால் கற்பிப்பதற்குப் புதிதாக எதுவும் இராது. சமூகத்தோடு தொடர்பு இல்லாவிட்டால் எதனை ஆய்வது என்பதே தெரியாது. இதனை மூன்று உதாரணங்களால் விளக்குவோம்.

(அ) தொடர்குளங்கள்

உலர்வலயத்தின் கிராமக் குளங்களைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நீண்டகாலமாக அதிகாரிகள் ஒவ்வொரு குளத்தையும் தனித்தனியே நோக்கினர். ஒரு குளம் தூர்ந்தால் அதன் கட்டை உயர்த்துவார்கள், துருசைத் திருத்துவார்கள், அத்துடன் வேலை முடிந்துவிடும். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியராக இருந்த சி. எம். மத்தும பண்டார 1985 இல் வெளியிட்ட ஆய்வில், இக்குளங்கள் ஒரு சிறிய வடிநிலத்தினுள் சங்கிலிபோல ஒன்றோடொன்று இணைந்தவை என்பதை எடுத்துக்காட்டினார். சிங்களத்தில் இத்தொடர் எல்லங்காவ எனப்படும். மேற்குளம் வான் பாய்ந்தால் அந்நீர் கீழ்க்குளத்துக்குச் செல்லும். மேற்குளத்து வயலுக்குப் பாய்ந்த நீரின் மிச்சமும் கழிந்து கீழ்க்குளத்தையே சேரும். ஒரே தண்ணீர் பல தடவை பயன்படுகின்றது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். மேலேயுள்ள ஒரு குளத்தின் கட்டை நல்லெண்ணத்தோடு நாலு அடி உயர்த்தினால் கீழேயுள்ள கிராமத்துக் குளம் நிரம்பாமற் போகலாம். ஒரு ஊரின் அபிவிருத்தி இன்னோர் ஊரின் வரட்சியாகலாம். அலைகரைப் பக்கமாகவுள்ள மரச்சோலை காற்றைத் தடுத்து ஆவியாதலைக் குறைக்கின்றது. இதனைச் சிங்களத்தில் கஸ்கொம்மன என்பர். குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையிலுள்ள பற்றைநிலம், அதாவது கட்டகடுவ, கசிந்துவரும் நீரிலுள்ள உப்பு வயலைச் சேராமல் தடுக்கின்றது. வெறும் காடு என்று இவற்றை வெட்டி வயலாக்கிய இடங்களில் பின்னர் நட்டம் ஏற்பட்டது.

இவ்வறிவைப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது என்று எழுதிவிடாதீர்கள். கிராமத்து விவசாயிகளுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். பெயர்கள் அவர்கள் வைத்தவை. பல்கலைக்கழகம் செய்தது வேறு. அவ்வறிவை அளந்து, வரைபடமாக்கி, பொறியியலாளரும் திணைக்களங்களும் புறக்கணிக்க முடியாத வடிவில் முன்வைத்தது. 2017 இல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் இலங்கையின் தொடர்குள முறைமையை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமை முறைமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பாரம்பரிய அறிவையும் நவீன அறிவையும் இணைத்தல் என்ற தலைப்பில் வினா வந்தாலும் இவ்வுதாரணம் உதவும்.

(ஆ) சிங்கராஜ வனமும் பைனஸ் தோட்டமும்

1970 களில் ஒட்டுப்பலகை உற்பத்திக்காகச் சிங்கராஜ வனத்தில் மரங்கள் தறிக்கப்பட்டன. விஞ்ஞானிகளும் பொதுமக்களும் எதிர்த்தமையால் அது நிறுத்தப்பட்டது. 1978 இல் உயிர்க்கோள ஒதுக்காகவும், 1988 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தலமாகவும் சிங்கராஜ ஏற்றுக்கொள்ளப்பட்டது. பெரும்பாலான நூல்கள் கதையை இத்துடன் முடித்துவிடும். ஆனால் காட்டைச் சுற்றிக் காப்பு வலயமாக நடப்பட்ட பைனஸ் மரங்கள் ஒரு பிரச்சினையாக மிஞ்சின. அவை இந்நாட்டுக்கு உரியவை அல்ல. அவற்றின் கீழே எமது மழைக்காட்டு மரங்கள் தாமாக எளிதில் முளைப்பதில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரும் அவர்களுடன் இணைந்த ஆய்வாளர்களும் 1990 களின் தொடக்கத்திலிருந்து இங்கே ஒரு பரிசோதனையை நடத்தினர். பைனஸ் மரங்கள் அனைத்தையும் ஒரேயடியாக வெட்டி வீழ்த்தாமல், சில வரிசைகளை மட்டும் அகற்றி, அந்த இடைவெளிகளில் சுதேச மரக்கன்றுகளை நட்டனர். முழு நிழலில் நட்டவற்றை விட இவை நன்றாக வளர்ந்தன. கெடுதலாகக் கருதப்பட்ட பைனஸ் மரமே இளங்கன்றுக்கு நிழல்தரும் செவிலித்தாயாயிற்று. சிங்கராஜவில் 25 ஹெக்டேயர் பரப்பிலான ஒரு நிரந்தர ஆய்வு நிலத்தில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மரங்கள் ஒவ்வொன்றாக இனங்காணப்பட்டு, அளக்கப்பட்டு, இலக்கமிடப்பட்டுள்ளன.

மரம் வளரப் பல பத்தாண்டுகள் செல்லும். ஓர் அரசாங்கத்தின் ஆட்சிக்காலம் ஐந்தாறு ஆண்டுகள், ஒரு கம்பனியின் கணக்கு ஓர் ஆண்டு. இருபது முப்பது வருடங்கள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்று ஒரே மரத்தை அளந்துகொண்டிருக்கப் பல்கலைக்கழகம் போன்ற ஒரு நிறுவனத்தாலேயே முடியும். ஓர் ஆசிரியர் இளைப்பாறினாலும் அவருடைய மாணவர் அளவுநாடாவை ஏந்துவார். "பல்கலைக்கழகத்தால் மட்டும் செய்யக்கூடியது எது" என்று தொடக்கத்தில் கேட்டோம் அல்லவா? அதற்கு இது ஒரு நல்ல விடையாகும்.

(இ) குடாநாட்டின் தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். வடகீழ்ப் பருவக்காற்றினால் ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரை பெய்யும் மழையே சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தரைக்கீழ் நீராகத் தங்குகின்றது. அந்நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. விஞ்ஞான பாடத்தில் படித்த அடர்த்தியை இங்கே பயன்படுத்துங்கள். நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. வித்தியாசம் 0.025. எனவே கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதனைச் சமப்படுத்தக் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கலாம். இக்கணக்கை மறுபக்கமாகப் பார்த்தால்தான் ஆபத்து விளங்கும். அதிகமாக இறைத்து மேல்மட்டத்தை 1 மீற்றர் குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உவர்நீர் 40 மீற்றர் மேலெழக்கூடும். துலாவால் இறைத்த காலத்தில் இந்த ஆபத்து குறைவாக இருந்தது. நீர்ப்பம்பி வந்தபின் நிலைமை மாறியது.

இன்னொரு பக்கத்தில் நைத்திரேற்று இருக்கின்றது. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகிய பயிர்களுக்கு இடப்படும் பசளையின் ஒரு பகுதி நீரோடு கரைந்து சுண்ணக்கல்லினூடாகக் கிணற்றைச் சேர்கின்றது. நெருக்கமான குடியிருப்புகளில் மலசலகூடக் குழிகளின் கழிவும் சேர்கின்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலிகாமம் பகுதியின் பல கிணறுகளில் இவ்வெல்லை மீறப்பட்டிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் அது போகாது, நீர் ஆவியாவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும். அதிகமான நைத்திரேற்று கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைக்கும். ஆகவே, "எங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், நாங்கள் தலைமுறையாகக் குடிக்கிறோம்" என்ற சொல் ஆதாரமாகாது. அளந்து பார்த்தே அறிய வேண்டும்.

இப்போது இப்பிரச்சினை எந்தப் பாடத்துக்குரியது என்று கேளுங்கள். அளப்பது இரசாயனவியல். நீர் எத்திசையில் நகர்கின்றது என்பது புவியியல். பசளையைக் குறைத்தும் விளைச்சலைப் பேணுவது விவசாயம். குழந்தைகளின் உடல்நலம் மருத்துவம். விவசாயி ஏன் அதிக பசளை இடுகிறார் என்பது பொருளியல். குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் அமைக்க வேண்டும், அதனை யார் கண்காணிப்பது என்பது சட்டமும் நிர்வாகமும். இத்தனை துறைகளும் ஒரே நிறுவனத்தினுள் இருப்பது பல்கலைக்கழகத்தில் மட்டுமே. 1974 இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், பெரும்பாலான மாணவர்களும் விரிவுரையாளர்களும் தாம் ஆராயும் அதே தண்ணீரைக் குடிக்கும் ஒரு நிறுவனமாகும். தொலைவிலிருந்து வரும் நிபுணருக்கு இது ஓர் அறிக்கை, இவர்களுக்கோ வீட்டுக் கிணறு.

உங்கள் மாகாணத்துக்கு ஏற்ற உதாரணத்தை நீங்களே தெரிவு செய்யலாம். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஒலுவிலில், 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வடக்கே கரையோரம் கடுமையாக அரிக்கப்பட்டமை, பல்கலைக்கழக வாசலிலேயே நிகழ்ந்த ஒரு பாடமாகும். வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளைப் பாதிக்கும் காரணம் தெளிவற்ற சிறுநீரக நோயும் பல துறைகள் இணைந்து ஆராய்ந்துவரும் ஒன்றாகும்.

ஆசிரியர்களை உருவாக்குதல்

இது வெளியில் தெரியாத, ஆனால் மிகப் பரந்த பணியாகும். உங்கள் பாடசாலையிலுள்ள பட்டதாரி ஆசிரியர்கள் அனைவரும் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்தவர்களே. பாடத்திட்டங்களும் பாடநூல்களும் தயாரிக்கப்படும்போது பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் பலர் அவற்றில் பங்கு கொள்கின்றனர். ஓர் ஆசிரியர் தமது சேவைக்காலத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார். அவர் பல்கலைக்கழகத்தில் சூழலைக் களத்தில் இறங்கிக் கற்றிருந்தால் உங்களையும் குளக்கரைக்கு அழைத்துச் செல்வார். குறிப்பேட்டிலிருந்து கற்றிருந்தால் உங்களுக்கும் குறிப்பையே சொல்லி எழுதுவிப்பார். உயர்தரத்தில் சித்தியடைவோரில் பெரும்பாலோருக்கு அரச பல்கலைக்கழக அனுமதி கிடைப்பதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர்களையும் பல்கலைக்கழக அறிவு சென்றடைய இவ்வாசிரியர்களே முதன்மையான வழி. 1980 இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இன்னொரு வழி. தொழில் பார்த்துக்கொண்டே, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற இடங்களிலுள்ள நிலையங்களினூடாகக் கற்க அது இடமளிக்கின்றது.

அறிவு இருந்தும் கேட்கப்படாதபோது

2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் அசேதனப் பசளைகளினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்தது. நாட்டை முழுமையாகச் சேதன விவசாயத்துக்கு மாற்றுவது நோக்கம் எனக் கூறப்பட்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் அக்காலத்தில் இருந்தது. மேலே நைத்திரேற்றைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது சரியான முடிவு போலத் தோன்றலாம். ஆனால் விவசாய பீடங்களின் பேராசிரியர்கள் பலர் உடனேயே எச்சரித்தனர். சேதனப் பசளையை அவர்கள் எதிர்க்கவில்லை. தேவையான அளவு சேதனப் பசளை கைவசம் இல்லை, மண்ணும் பயிர் இனங்களும் விவசாயிகளும் ஒரே போகத்தில் மாற முடியாது, மாற்றம் படிப்படியாக வர வேண்டும் என்பதே அவர்கள் வாதம். அவர்கள் சொன்னது கேட்கப்படவில்லை.

நவம்பர் மாதத்தில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டது. 2021/22 பெரும்போகத்தின் நெல் விளைச்சல் பெருமளவு வீழ்ச்சியடைந்தது, தேயிலையும் பாதிக்கப்பட்டது, அரிசி இறக்குமதி செய்ய நேர்ந்தது. உங்களில் பலருடைய வீடுகளில் அப்போது என்ன நடந்தது என்று பெற்றோரிடம் கேட்டால் புள்ளிவிபரத்தை விடத் தெளிவாகச் சொல்வார்கள்.

இந்நிகழ்வைக் கட்டுரையில் எழுதும்போது கட்சி அரசியலுக்குள் செல்ல வேண்டாம். இரண்டு விடயங்களைக் குறிப்பிட்டால் போதும். ஒன்று, சூழலுக்கு நல்லது என்ற பெயர் தாங்கிய திட்டமாயினும் சமூகத்தையும் பொருளாதாரத்தையும் விட்டுவிட்டால் அது நிலைபேறானது ஆகாது. மற்றையது, பல்கலைக்கழகத்தின் கடமை ஆய்வை எழுதுவதோடு முடிவதில்லை. அதிகாரம் விரும்பாதபோதும் ஆதாரத்தை வெளிப்படையாகச் சொல்வதும் அதன் பணியே. அவ்வாறு சொல்வதற்கு அதற்குச் சுதந்திரம் இருக்க வேண்டும். கல்விசார் சுதந்திரம் என்ற சொல்லை இவ்விடத்தில் பயன்படுத்துங்கள்.

குறைபாடுகள்

"விளக்குக" என்பதற்குப் பதிலாக "மதிப்பிடுக" என்று வினா வந்தால் குறைகளையும் எழுத வேண்டும். எமது பல்கலைக்கழகங்களில் பீடங்களுக்கிடையிலான சுவர் உயரமானது. கலைப்பீட மாணவருக்கு விஞ்ஞான பீடத்தில் என்ன ஆராயப்படுகிறது என்பது பெரும்பாலும் தெரியாது. ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வெளிவருகின்றன. சுன்னாகத்திலோ மதவாச்சியிலோ உள்ள விவசாயியின் கிணற்றைப் பற்றிய கட்டுரை, அவரால் வாசிக்க முடியாத மொழியில், அவரால் பெற முடியாத ஒரு சஞ்சிகையில் இருக்கும். விவசாயப் போதனாசிரியர் ஒருவர் அதனை எளிய தமிழிலோ சிங்களத்திலோ எடுத்துச் சொல்லாவிட்டால் அந்த ஆய்வு நடந்ததும் நடவாததும் அவருக்கு ஒன்றுதான். நிதிப் பற்றாக்குறை இன்னொரு காரணம். நீண்டகாலம் அளக்க வேண்டிய ஆய்வு மூன்று வருடப் பணத்தோடு நின்றுவிடுவதுண்டு.

வளாகமே பாடமாக வேண்டும் என்று முன்னர் கூறினோம். 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு இடம்மாறியபோது, அந்தானை மலைச்சாரலையும் மகாவலி ஆற்றையும் அனுசரித்தே கட்டடங்கள் அமைக்கப்பட்டன. அங்கு கற்றவர்கள் அந்த நிலத்தோற்றத்தை வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை. நிலைபேறு பற்றிய விரிவுரை நடக்கும் மண்டபத்தில் பகல் வேளையிலும் மின்குமிழ்கள் எரிந்துகொண்டிருந்தால், சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் பொலித்தீன் குவிந்திருந்தால், மாணவர் விரிவுரையை நம்புவாரா, குப்பையை நம்புவாரா? மழைநீரைச் சேகரித்தல், சூரியசக்தி, கழிவைத் தரம்பிரித்தல் என்பன சிறிய விடயங்கள்தான். ஆயினும் பல்கலைக்கழகம் தான் கற்பிப்பதைத் தானே நம்புகிறதா என்பது அவற்றிலேயே தெரியும்.

மாதிரி வினாவும் விடை எழுதும் முறையும்

"ஒரு பிரதேசத்தின் இயற்கை வளத்தைப் பாதுகாப்பதில் அப்பிரதேசப் பல்கலைக்கழகம் ஆற்றக்கூடிய பங்கினை உதாரணத்துடன் விளக்குக."

விடையை வரைவிலக்கணத்துடன் தொடங்க வேண்டியதில்லை. முதலில் வளத்தையும் அதற்கு நேர்ந்துள்ள ஆபத்தையும் இரண்டு மூன்று வசனங்களில் கூறுக. பிரச்சினையைத் தெளிவாகக் கூறிய பின்னரே தீர்வுக்குச் செல்க. அடுத்து அவ்வாபத்தை அளக்க எத்தனை துறைகளின் அறிவு தேவை என்பதைக் காட்டுக. பல்கலைக்கழகம் ஏன் தேவை என்பதற்கு இதுவே காரணமாக அமையும். பின்னர் ஆய்வின் முடிவு மக்களை எவ்வழியால் சென்றடையும் என்பதை எழுதுக. ஆசிரியர், விவசாயப் போதனாசிரியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மாணவர் செயற்றிட்டம் ஆகியவற்றுள் பொருத்தமானதைத் தெரிவு செய்யலாம். ஆண்டு அல்லது அளவு ஒன்றையாவது சரியாகக் குறிப்பிடுக. நினைவில்லாத எண்ணை ஊகித்து எழுதுவதை விட விட்டுவிடுவதே மேல். வரைவிலக்கணத்தை இடையில், தேவைப்படும் இடத்தில், உங்கள் சொந்த வசனத்தில் சேர்த்துக்கொள்க.

பயிற்சியாக, உங்கள் வீட்டுக் கிணற்றை அல்லது ஊர்க் குளத்தை எடுத்து இதே ஒழுங்கில் ஒரு பக்கம் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். கிணற்றின் ஆழம், மாரியிலும் கோடையிலும் நீர்மட்டம், மலசலகூடக் குழியிலிருந்து தூரம் ஆகிய நான்கு அளவுகளையும் எழுதுவதற்கு முன் நாடாவால் நீங்களே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கிணற்றடியில் அளக்கும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.